ரொட்டிக்காரரின் இடது கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் பல்லின் மேல் சத்தியம். வாயில் சொந்தப் பல் இரண்டுதான் மிச்சம். சத்தியம் அந்த இரண்டின் மேல்தான், கடையில் வாங்கிய பற்களை இதற்குள் இழுக்கவில்லை. முன்பு ஒரு தடவை நான் முதலை ஒன்றைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அது அந்த முதலையின் குற்றம். இது அப்படியல்ல. பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்தது.

ரொட்டிக் கடைக்கு மேலே ஓர் அறை. அதில்தான் நான் குடை ரிப்பேர் செய்துகொண்டு குடியிருந்தேன். கீழே அடுப்பு, அதற்கு நேர் மேலே என் கட்டில். அடுப்பு என்றால் சமையலறை அடுப்பு இல்லை. செங்கல்லால் கட்டி, மேலே வண்டிக் கூண்டு மாதிரி வளைத்து, நாலு பேர் உள்ளே உட்கார்ந்து சீட்டாடக்கூடிய அளவு. ரொட்டிக்காரருக்குக் கல்யாணம் ஆன புதிதில் மூட்டியது. அதற்குப் பிறகு அணைத்ததே இல்லை. ஆறவிட்டால் செங்கல் சுருங்கி வெடித்துவிடும் என்பார். ஊரே குளிரில் வெடவெடத்த நாட்களிலும் நான் போர்வை போர்த்தியதில்லை. ஒரு தடவை கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன முட்டையை மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அது கீச்கீச்சென்று கத்திக்கொண்டு தானே வெளியே வந்தது. கடைசிவரை அந்தக் குஞ்சு அடுப்பைத்தான் தன் தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

ரொட்டிக்காரர் நல்ல உயரம், நல்ல அகலம். அடுப்பு வாய்க்குக் கீழே ஒரு கல்படி. இடது காலை அதன் மேல் வைப்பார். வலது காலைப் பின்னால் ஊன்றிக்கொள்வார். துடுப்பு என்று அவர்கள் சொல்லும் நீளக் கம்புப் பலகையை உள்ளே செலுத்தி, வெந்த ரொட்டிகளை இழுத்துப் போடுவார். வெறுங்கால்தான். செருப்புப் போட்டுக்கொண்டால் தரை தன்னோடு பேசுவதில்லை என்பது அவர் கட்சி. அப்படி வருடக்கணக்கில் நின்றதில் அந்தக் கல்லில் அவர் இடது பாதம் பதிந்து குழி விழுந்திருந்தது. கழுவிவிட்ட தண்ணீர் அதில் தேங்கினால் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியும்.

மாவு பிசைவது, அச்சுத் தகரத்தில் எண்ணெய் தடவுவது, கடையில் நின்று விற்பது எல்லாம் அவர் மனைவி. ஊரே அவரை அக்கா என்றது. பத்து வயது மூத்த நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காலை. சூடாக ஒரு பன்னும் டீயும் கிடைக்கும் என்று கீழே இறங்கியிருந்தேன். கருகல் வாடை வந்தது.

"ஏதோ கருகுது," என்றார் ரொட்டிக்காரர். துடுப்பை உள்ளே விட்டு வரிசையாக ரொட்டிகளை இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்து அடியைத் திருப்பி முகர்ந்தார். எல்லாம் பொன்னிறம்.

அக்கா மாவுக் கையோடு வந்து நின்றார். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். பிறகு கீழே பார்த்தார்.

"என்னங்க."

"இரு. எந்த ரொட்டின்னு பாக்கறேன்."

"கருகறது ரொட்டி இல்லீங்க. நீங்க."

கல்படியில் விழுந்திருந்த தணல் ஒன்று அவர் இடது குதிகாலுக்கு அடியில் இருந்தது. காலைத் தூக்கியபோது தணலும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. நல்ல காலம், தடித்துப்போன தோல்தான் கருகியிருந்தது. அவர் அதை யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்கவே இல்லையே!" என்றார். குரலில் பெருமை வேறு.

அக்கா மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு. சர்க்கரை வந்ததுக்கப்புறம் கால்ல ஆணி குத்தினாலும் வலிக்கலம்பாரு. வலிக்கலை வலிக்கலைன்னு சொல்லிக்கிட்டே முழங்கால் வரைக்கும் போச்சு. உங்களுக்கும் அதே சர்க்கரைதான்."

"உங்கப்பா கதையை விடு. அவரு நின்னு வேலை செஞ்ச ஆளா? உக்காந்தே தேஞ்சவரு."

"பொறந்த வீட்டை இழுக்காதீங்க. கெளம்புங்க, டாக்டரம்மாகிட்ட போவோம்."

"அடுப்பு?"

"அடுப்பு எங்கயும் ஓடாது. உங்க காலுதான் ஓடப் பாக்குது. இதை நான் விடப்போறதில்லை, சொல்லிட்டேன்."

குடை பிடிக்க நானும் போனேன். நான் செய்த பெரிய குடை அது. விரித்தால் தெருவின் இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் சாமானை வெளியே எடுத்து வைப்பார்கள்.

டாக்டரம்மா குதிகாலைப் பார்த்து மருந்து வைத்தார். "இது ஆறிடும். வெளியே தெரியறது பெரிய விஷயமில்லை. உள்ளே தெரியாம ஏதாவது கெளம்புதான்னுதான் பாக்கணும். புதுசா ஒரு கேமரா வந்திருக்கு, அந்த ரூமுக்குப் போங்க."

அந்த அறையில் ஒல்லியாக ஒரு பெண் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கேமரா என்னையும் சேர்த்துப் பிடித்துத் திரையில் காட்டியது. ஆள் நான்தான், ஆனால் ஹோலியில்லாமலே சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி இருந்தேன்.

"இது மூஞ்சியைப் பிடிக்காதுங்க, சூட்டைப் பிடிக்கும்," என்றாள் அந்தப் பெண். "உடம்புலேர்ந்து வர்ற சூடு கண்ணுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும். குளிர்ச்சியா இருந்தா நீலம். அப்புறம் பச்சை, மஞ்சள், சிவப்பு. அதுக்கும் மேல போனா வெள்ளை. பெரியவரே, உங்க மூக்கு நீலமா இருக்கு பாருங்க."

இத்தனை வருடம் என் மூக்கு நீலமாக இருந்திருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை.

"இதுல காலுக்கு என்ன தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"தோலுக்கு அடியில எங்கயாவது புண்ணு கெளம்ப ஆரம்பிச்சா, மேல ஒண்ணும் தெரியறதுக்கு முன்னாடியே அந்த எடம் மட்டும் சூடாயிடும்க்கா. ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரே எடத்தை ஒத்துப் பாப்போம். ரெண்டு டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்தா உஷாராயிடணும்."

ரொட்டிக்காரர் கட்டிலில் ஏறிக் கால்களை நீட்டினார். திரை முழுவதும் வெள்ளை. பாதமும் தெரியவில்லை, விரலும் தெரியவில்லை. யாரோ பாலைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"எங்கேருந்துங்க வர்றீங்க?"

"அடுப்புலேர்ந்து."

"அடுப்புப் பக்கத்துலேர்ந்தா?"

"பக்கம்னு சொல்ல முடியாது. அதைவிடக் கிட்ட."

குளிர்ந்த அறையில் பதினைந்து நிமிடம் காலை ஆற வைத்தால் சரியாகிவிடும் என்றாள். உட்கார்த்தி வைத்தோம். பதினைந்து நிமிடம் போனது, இன்னொரு பதினைந்தும் போனது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. வெளியே மழையில் நனைந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்தார்கள். ஓர் அம்மாள் தன் ஈரத் துண்டை அவர் நாற்காலியின் முதுகில் போட்டு, உலர்ந்ததும் மடித்து எடுத்துக்கொண்டு போனார். திரையில் இன்னும் வெள்ளைதான்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "இப்படி இருந்தா எதையும் கண்டுபிடிக்க முடியாது. இன்னைக்கு அடுப்புப் பக்கமே போகாதீங்க. வெந்நீர் கூடாது. நாளைக்குக் காலையில வாங்க."

வெளியே வந்ததும் ரொட்டிக்காரர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "ரொட்டியை யாரு எடுக்கறது?"

"நான்," என்றார் அக்கா.

"துடுப்பு பிடிச்சிருக்கியா நீ?"

"உங்களையே இத்தனை வருஷமாப் பிடிச்சு வச்சிருக்கேன். அது வெறும் கட்டை."

அவரை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். அவர்கள் படுக்கும் அறையின் சுவர் அடுப்பின் முதுகு. என் அறையின் தரை அடுப்பின் தலை. கடைசியில் அக்காவின் தம்பி ஞாபகத்துக்கு வந்தான். தெருக்கோடியில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்தான். அக்கா புருஷனுக்கும் அவனுக்கும் கல்யாணத்தன்றே தகராறு. "உன் சரக்கு விக்கறதுக்குள்ள தண்ணியாயிடும்" என்று இவர் சொல்ல, "உங்க சரக்கு விக்கலேன்னா கல்லாயிடும் மாமா" என்று அவன் சொல்ல, அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

அன்றைக்குப் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. ஐஸ்காரன் கணக்கு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தான். பிறகு அவன்தான் வாயைத் திறந்தான்.

"மாமா, கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளி உக்காருங்க."

"ஏன்?"

"சரக்கு கரையுது."

மறுநாள் காலையிலும் மழை. ஆஸ்பத்திரிக்கென்று ரொட்டிக்காரர் போட்டுக்கொண்டு போன ஷூ முந்தின நாளே தெருத்தண்ணீரில் தொப்பலாக நனைந்திருந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம். மழைக்காலத்தில் எல்லோருடைய செருப்பும் ஷூவும் அடுப்பின் முதுகில்தான் காயும். என்னுடையதும் அங்கேதான் காயும். அக்காவும் யோசிக்காமல் அங்கே வைத்தார். இடது ஷூவை மட்டும் புகைபோக்கிக்கு ஒட்டினாற்போல வைத்தார், பாவப்பட்ட கால் அதுதானே என்று. காலையில் இரண்டையும் கம்பளித் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிக்கு வந்தார். ரொட்டிக்காரர் அப்படியே மாட்டிக்கொண்டார். சுடுகிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாத கால்.

ஆஸ்பத்திரியில் ஷூவைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறினார். இந்தத் தடவை திரையில் பாதம் தெரிந்தது. வலது கால் பச்சையும் மஞ்சளுமாக ஒழுங்காக இருந்தது. இடது கால் விரல் நுனியிலிருந்து கணுக்கால்வரை ஒரே சிவப்பு.

அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண் பேச்சை நிறுத்தினாள். போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் திரையைப் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"முழுப் பாதமும் இப்படிச் சூடா இருந்தா, சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கலாம். நான் இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

ரொட்டிக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக மெல்லிய குரலில் பேசியதை அன்றுதான் கேட்டேன். "எடுத்துடுவாங்களா?"

அக்கா போய் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் குழந்தையைப் பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

"எடுக்கறவங்க முதல்ல என்னைத் தள்ளிட்டு எடுக்கட்டும்," என்றார்.

"அக்கா, கையை எடுங்க, உங்க கை சூடு கால்ல ஏறிடும்," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் கேமராவை ஒதுக்கினாள். ஒதுக்கியதில் அது நாற்காலிக்கு அடியில் திரும்பியது. திரையில் இடது ஷூ மட்டும் பளீரென்று விளக்கு வைத்த மாதிரி எரிந்தது.

"டாக்டர்... ஷூவைப் பாருங்க."

ரொட்டிக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஷூவுக்கும் சீழா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அடுப்பு மேல காய வச்சேங்க! நாங்க எல்லாத்தையும் அங்கதான் வைப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இனிமே அப்படிச் செய்யாதீங்க. சூடு தெரியாத காலுக்கு நேத்து ஒரு தணல், இன்னைக்கு இது. கால்ல எதுவும் படாம பதினஞ்சு நிமிஷம் வையுங்க, பாப்போம்."

கேமராவைக் காலுக்கு நேராகவே வைத்துவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிவப்பு மெதுவாக இறங்க ஆரம்பித்தது. முதலில் கணுக்காலை விட்டது. பிறகு மேல்பாதம், பிறகு விரல்கள். வெள்ளம் வடிந்து வீடும் மரமும் ஒவ்வொன்றாக வெளியே வருவதுபோல, அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் அடையாளத்துக்கு வந்தது. அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எல்லா இடத்திலும் வடிந்த சிவப்பு, பெருவிரலுக்குக் கீழே ஒரே ஓர் இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் பார்த்தும் அது போகவில்லை.

அந்த இடத்தை நான் குனிந்து பார்த்தேன். காய்த்துப்போன தோல். கீறலில்லை, வீக்கமில்லை.

"இதுதான்," என்றார் டாக்டரம்மா. "வலது கால்ல இதே எடத்தைவிட மூணு டிகிரி அதிகம். புண்ணு இன்னும் வெளியே வரல, உள்ளே தயாராகுது. நல்ல நேரத்துல பிடிச்சுட்டோம். இது போற வரைக்கும் இந்தக் கால் பாரம் தாங்கக் கூடாது. மாவுக்கட்டுப் போட்டு விடறேன். மீறி நின்னா..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. அக்காவுக்கு மிச்சம் தெரியும்.

அப்புறம் நடந்தது வைத்தியம் இல்லை, யுத்தம். ரொட்டிக்காரர் மாவு மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கட்டுப்போட்ட கால் ஒரு கவிழ்த்த தகர டின்னின் மேல். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்போடு அடுப்பு வாயில். ஐஸ்காரத் தம்பி விறகு தள்ள வருவான். வரும்போது முழு ஆளாக வருவான், போகும்போது பாதி ஆளாகப் போவான்.

"இடது மூலையில வைக்காதே, அங்க சூடு ஜாஸ்தி!"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கருகுது?"

"நீங்க பேசறதால."

முதல் நாள் ரொட்டியை ஒருவரும் வாங்கவில்லை. நான் மட்டும் மரியாதைக்கு இரண்டு வாங்கினேன். ஒன்றைப் பட்டறைக் கல்லாக வைத்துக்கொண்டு இன்றைக்கும் குடைக் கம்பி நிமிர்த்துகிறேன். இன்னொன்று என் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் அக்கா கற்றுக்கொண்டார். கை கொப்புளித்தது, துணி சுற்றிக்கொண்டார். தோள் இறங்கியது, துடுப்பை இடுப்பில் முட்டுக்கொடுத்துப் பிடித்தார். சில நாட்களில் ரொட்டி தவிட்டு நிறத்துக்கு வந்தது, பிறகு பொன்னிறத்துக்கு வந்தது. வாடிக்கைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அதுதான் ரொட்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை. அக்கா கடைப்பக்கம் போகும் நேரம் பார்த்து மெதுவாக எழுந்து அடுப்பை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா சண்டை போடவில்லை. ஒரு சல்லடை நிறைய மாவை எடுத்து, நாற்காலியைச் சுற்றித் தரையில் பனி பெய்த மாதிரி சலித்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது மாவில் பெரிதாக ஓர் அச்சு.

"இது என்ன?"

"பூனை வந்துச்சு."

"பூனைக்கு எப்ப மாவுக்கட்டுப் போட்டாங்க?"

நான் டீயை வாயில் வைத்துக்கொண்டு மேலே கூரையைப் பார்த்தேன். அக்கா துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எங்கப்பாவுக்கு தினம் நான்தான் கட்டு மாத்தினேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. என்ன செய்யணும்னு அப்ப எனக்குத் தெரியாது, பாத்துக்கிட்டே இருந்தேன். இப்ப தெரியும். தெரிஞ்சும் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது. என்னைத் திட்டுங்க. என் ரொட்டியைத் திட்டுங்க. என் தம்பியை வேணும்னாலும் திட்டுங்க. காலை மட்டும் கீழ வைக்காதீங்க."

"என்னை ஏன்க்கா நடுவுல இழுக்கறே?" என்றான் விறகு தள்ளிக்கொண்டிருந்த தம்பி.

ரொட்டிக்காரர் கையை நீட்டி, "அந்தச் சல்லடையைக் குடு," என்றார். நாற்காலியில் இருந்தபடியே குனிந்து, கைக்கு எட்டின தூரம்வரை அச்சின் மேல் மாவைச் சலித்து மூடினார். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவரே சலித்துக்கொண்டார். ஓர் எறும்பு குறுக்கே நடந்தால்கூட எங்களைக் கூப்பிட்டுக் காட்டி, தான் இல்லை என்பார்.

மழைக்காலம் முடிந்து வெயில் எட்டிப் பார்த்தபோது மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள் வந்தது. இந்தத் தடவை ஷூவே இல்லாமல், ஐஸ்காரன் தள்ளுவண்டியில் அவரை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். வண்டியில் மிச்சமிருந்த ஐஸ் தண்ணீர் வழியெல்லாம் சொட்டிக்கொண்டு வந்தது. குளிர்ந்த அறையில் பதினைந்து நிமிடம். அந்த ஒல்லிப் பெண் கேமராவைத் திருப்பினாள்.

இரண்டு கால்களும் பச்சையும் மஞ்சளும்தான். பெருவிரலுக்குக் கீழே பொத்தான் இல்லை. எது இடது, எது வலது என்று விரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட மாதிரி.

அக்கா திரைக்கு மிக அருகில் போய் நின்று பார்த்தார். "இன்னொரு தரம் எடும்மா."

"நல்லா இருக்குக்கா."

"எனக்காக எடு."

எடுத்தாள். அதேதான்.

டாக்டரம்மா மெத்து வைத்த ஷூ எழுதிக் கொடுத்தார். வெறுங்காலோடு ஓர் அடி நடக்கக் கூடாது, பாதத்தை யாராவது தினமும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றார். "பாப்பேன்," என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் டாக்டரம்மா அதற்கு மேல் எதுவும் விளக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரொட்டிக்காரர் புது ஷூவோடு நேராக அடுப்பு வாய்க்குப் போனார். இரண்டு காலையும் சமமாக ஊன்றி நின்றார். நெஞ்சை நிமிர்த்தி, கையை நீட்டினார்.

"துடுப்பைக் குடு."

அக்கா கொடுக்கவில்லை. "நீங்க போய் மாவைப் பிசைங்க."

"இது என் அடுப்பு."

"அடுப்பு உங்களுதுதான். யாரு இல்லேன்னது? காலு என்னுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் பன்னைப் பார்த்தேன். பிறகு அந்தப் பெரிய மனிதர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, இடது காலையும் வலது காலையும் மாற்றி மாற்றி வைத்து, மாவுத் தொட்டிக்கு நடந்து போனார். அந்த இரண்டு ஷூவின் சத்தமும் ஒரே மாதிரி கேட்டது.

பல்லின் மேல் சத்தியம் செய்துவிட்டதால் ஒன்றை மட்டும் மறைக்க முடியாது: நிஜத்தில் அந்தக் கேமரா எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, ரொட்டிக்காரரின் இடது காலை எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.